திரை காட்டும் கண்ணீரும் தறி சொல்லும் கணக்கும்

ஏழையின் துயரத்தைத் திரையில் கண்டு கண்ணீர் வடிக்காதவர் நம்மில் எத்தனை பேர்? படம் முடிகிறது, கண்களைத் துடைத்துக் கொள்கிறோம், எழுந்து நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். முன்பு இதற்குத் திரையரங்கைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இன்றோ அந்த அரங்கு நம் கூடத்துக்கே வந்துவிட்டது. பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து பார்க்கிறோம். அப்போது பத்து வயதுக் குழந்தை ஒன்று, "அந்த மாமா ஏன் ஏழையாக இருக்கிறார்?" என்று கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்? "அது அவர் தலையெழுத்து" என்போமா? "அவர் குடிப்பதால்" என்போமா? பெரும்பாலும் திரைப்படம் நமக்குச் சொல்லித் தந்த பதிலையே நாமும் பிள்ளைக்குச் சொல்லி வைப்போம். அந்தப் பதில் சரியானதுதானா என்று சற்றே சிந்தித்துப் பார்ப்பது பெற்றோரான நம் கடமை.

இதை ஆராய்வதற்குக் காஞ்சிபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை. கோயில் நகரம், பட்டு நகரம் என்று உலகமே அறிந்த அந்த ஊரின் நெசவாளரைப் பற்றி ஒரு முழுநீளத் திரைப்படமே வந்திருக்கிறது. திரையில் கண்டதையும் தறியில் நடந்ததையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது.

நெய்தவர் உடுத்தாத பட்டு

பிரியதர்ஷன் இயக்கிய "காஞ்சிவரம்" என்ற படம் 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் கனடா நாட்டின் டொராண்டோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. 2009இல் நம் நாட்டு அரங்குகளுக்கு வந்தது. 2007ஆம் ஆண்டின் சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. நெசவாளராக நடித்த பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார்.

கதை 1948இல் தொடங்கிப் பின்னோக்கிச் செல்கிறது. வேங்கடம் என்னும் நெசவாளர் தம் மனைவிக்குப் பட்டுப் புடவை வாங்கித் தர இயலாமல் போகிறார். மகள் பிறந்தபோது, "உன் திருமணத்துக்குப் பட்டுப் புடவை தருவேன்" என்று அவள் காதில் வாக்குக் கொடுக்கிறார். வாங்கும் கூலியில் அது ஒருநாளும் நடக்காது என்று உணர்ந்ததும், வேலை செய்யும் இடத்திலிருந்து நாள்தோறும் சிறிதளவு பட்டு நூலை வாய்க்குள் ஒளித்துக் கொண்டுவந்து, இரவில் மறைவாக நெய்யத் தொடங்குகிறார். நெசவாளர் போராட்டத்தில் முன் நின்ற அவரே, நூல் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் போராட்டத்தைக் கைவிட்டு வேலைக்குத் திரும்புகிறார். கடைசியில் பிடிபடுகிறார், சிறை செல்கிறார். செயலிழந்து கிடக்கும் மகளை விட்டுச் செல்ல ஆளின்றித் தம் கையாலேயே அவளுக்கு நஞ்சூட்டுகிறார். பாதியில் நின்ற பட்டுத் துணியை அவள் மீது போர்த்துகிறார். முகத்தை மூடினால் கால் தெரிகிறது. காலை மூடினால் முகம் தெரிகிறது.

கல் நெஞ்சையும் கரைக்கும் காட்சி அது. ஊருக்கெல்லாம் பட்டு நெய்பவரின் வீட்டில் ஒரு முழம் பட்டு இல்லை என்ற கொடுமையை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன தமிழ்ப் படங்கள் மிகச் சில. அதற்காக அப்படத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

எனினும் ஒன்றைக் கவனியுங்கள். படத்தின் நடுவே கூலி பற்றிய பேச்சு எழுகிறது, போராட்டம் நடக்கிறது. ஆனால் நூல் திருட்டும் மகளின் மரணமும் வந்ததும் அந்தப் பேச்சு பின்னுக்குப் போய்விடுகிறது. படம் முடிந்து எழும்போது நம் நெஞ்சில் தங்குவது ஒரு தந்தையின் துயரம் மட்டுமே. ஒரு புடவைக்குக் கூலி எவ்வளவு, அது ஏன் அவ்வளவு குறைவு, மீதிப் பணம் யாரிடம் சென்றது என்ற கேள்விகள் நம்மோடு வீட்டுக்கு வருவதில்லை.

ஒரு கூலிக்குள் எத்தனை கைகள்?

திரை காட்டாத அந்தக் கணக்கைத் தறியருகே சென்று பார்ப்போம்.

காஞ்சிப் பட்டுக்கு வேண்டிய பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. பட்டு இழையின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசிய சரிகை, குஜராத்தின் சூரத் நகரத்திலிருந்து வருகிறது. இவற்றை வாங்கும் முதல் பெரும்பாலான நெசவாளரிடம் இருப்பதில்லை. முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ பாவையும் சரிகையையும் தரும். நெய்து கொடுத்தால் கூலி கிடைக்கும். புடவையின் விலை ஏறினாலும் இறங்கினாலும் நெய்தவருக்கு அதில் பங்கில்லை. பேசிய கூலி மட்டுமே அவருடையது.

அந்தக் கூலி ஒருவர் பெயரில் எழுதப்படுகிறது. ஆனால் உழைப்பவர் ஒருவரா? ஆண் தறியில் அமர்ந்தால், பெண் நூல் இழைக்கிறாள், ஊடைக்குத் தார் சுற்றுகிறாள், அறுந்த இழைகளை எடுத்துப் பிணைக்கிறாள். பல வீடுகளில் அவளே தறியிலும் அமர்கிறாள். அடுப்பும் குழந்தையும் அவள் பொறுப்பு என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. இத்தனைக்கும் தனிக் கூலி கிடையாது. புடவைக் கூலிக்குள் அது கரைந்துவிடுகிறது. நெசவாளி என்றதும் திரைப்படம் ஓர் ஆணின் முகத்தையே காட்டுகிறது. அவருடைய மனைவியையும் தாயையும் அழுபவர்களாகக் காட்டும் அளவுக்கு உழைப்பவர்களாகக் காட்டுவதில்லை.

மழைக்காலம் வந்தால் துன்பம் இரட்டிப்பாகும். குழித்தறியில் ஈரம் கசியும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட இயலாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தறி நின்றால் கூலியும் நின்றுவிடும், வயிறு நிற்குமா? அப்போதுதான் முன்பணம் வாங்க நேர்கிறது. அந்த முன்பணம் தீரும் வரை நெசவாளர் வேறு முதலாளியிடம் போக முடியாது. அதிகக் கூலி கேட்கவும் நா எழாது. கை விலங்கின்றி ஒரு மனிதரைக் கட்டிப்போடும் வழி இது.

கடனுக்கு ஈடான குழந்தை

இந்தக் கடன் பெரியவர்களோடு நின்றிருந்தால்கூட ஓரளவு பொறுத்துக் கொள்ளலாம். காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் நெய்யப்பட்டு, இழை இழையாகக் கோக்கப்படும். இதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்பவருக்குப் பக்கத்தில் இருந்து கரை நாடாவைத் தள்ளித்தர ஓர் ஆள் வேண்டும். நெடுங்காலமாக அந்த இடத்தில் அமர்த்தப்பட்டவர்கள் சிறுவர் சிறுமியரே!

பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பள்ளிக்குச் செல்ல வேண்டிய பிள்ளை தறிக்குச் சென்றது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் முறைப்படுத்துதல் சட்டம் 1986இல் வந்தது. சிவகாசிக் குழந்தைகள் தொடர்பான வழக்கில் 1996ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழில்களில் குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இத்தனைக்குப் பிறகும், 2003ஆம் ஆண்டில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் மனித உரிமை அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், காஞ்சிபுரத் தறிகளில் கடனுக்காகக் கட்டுண்ட குழந்தைகளும் இடம்பெற்றிருந்தனர்.

பின்னர் நிலைமை பெரிதும் மாறியது. பள்ளியின் மதிய உணவு, குழந்தைத் தொழிலாளருக்கான சிறப்புப் பள்ளிகள், அதிகாரிகளின் சோதனை, தன்னார்வத் தொண்டர்களின் உழைப்பு, "என் பிள்ளையாவது படிக்கட்டும்" என்ற தாய்மார்களின் உறுதி ஆகியவை சேர்ந்து பிள்ளைகளைத் தறியிலிருந்து மீட்டன. 2016இல் திருத்தப்பட்ட சட்டம் 14 வயதுக்கு உட்பட்டவரை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்கிறது. ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கையும் அதுவே தருகிறது. வீட்டுக்குள்ளேயே தறி இருக்கும் ஊரில் அந்த விலக்கு எவ்வளவு பெரிய வாசல் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

"காஞ்சிவரம்" படத்தின் கதை 1948இல் முடிந்துவிடுகிறது. அதைப் பார்ப்பவர், "அந்தக் காலத்தில் அப்படி இருந்தது, நல்லவேளை, எல்லாம் போய்விட்டது" என்று நிம்மதி கொள்ளலாம். ஆனால் தறியின் கதை அங்கே முடியவில்லை. கடந்த காலத்துத் துயரமாக மட்டும் காட்டப்படும் வறுமை, நிகழ்காலத்தில் நம்மை எதுவும் கேட்பதில்லை.

வறுமையை விற்கிறார்களா?

ஏழ்மையைப் படமாக்குவது குறித்து நம் நாட்டில் எழுந்த பெரிய விவாதம் ஒன்று உண்டு. சத்யஜித் ரேயின் "பதேர் பாஞ்சாலி" 1955இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. கால் நூற்றாண்டுக்குப் பின், 1980இல், நாடாளுமன்ற மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த நடிகை நர்கிஸ், ரே இந்தியாவின் வறுமையை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறார் என்று குற்றம் சாட்டினார். அணைகளையும் முன்னேற்றத்தையும் காட்டக் கூடாதா என்பது அவர் வாதம்.

வியப்பு என்னவென்றால், மெஹ்பூப் கானின் "மதர் இந்தியா" படத்தில் 1957இல் ஏழை உழவர் குடும்பத்துப் பெண்ணாக நடித்து அழியாப் புகழ் பெற்றவரும் அதே நர்கிஸ்தான்! அந்தப் படத்துக்கு அடிப்படையே ஒரு கடன் கணக்கு. மாமியார் வட்டிக்காரரிடம் வாங்கிய 500 ரூபாய், எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் குடும்பத்தின் விளைச்சலில் பெரும்பகுதியை ஆண்டுதோறும் விழுங்குகிறது.

2008ஆம் ஆண்டில் அந்தப் பழைய விவாதம் மீண்டும் எழுந்தது. "காஞ்சிவரம்" திரையிடப்பட்ட அதே டொராண்டோ விழாவில், பம்பாய்ச் சேரிச் சிறுவனின் கதையைச் சொல்லும் "ஸ்லம்டாக் மில்லியனர்" பார்வையாளர் விருதைத் தட்டிச் சென்றது. மறு ஆண்டு எட்டு ஆஸ்கார் விருதுகள் அதற்குக் கிடைத்தன. அவற்றில் இரண்டு நம் ஏ.ஆர். ரஹ்மானுக்கு. அந்தப் படத்திலோ சிறுவனின் வறுமை ஒரு தொலைக்காட்சிப் போட்டியின் பரிசுப் பணத்தால் தீர்கிறது. சேரி அப்படியேதான் இருக்கிறது. படத்தில் நடித்த சேரிக் குழந்தைகளில் ஒருவரின் குடிசை 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் மாநகராட்சியால் இடிக்கப்பட்டது. குழந்தைகளின் நலனுக்குப் படக்குழுவினர் அறக்கட்டளை ஒன்றை நிறுவி வீடு கிடைக்க உதவினர் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும், பரிசுச் சீட்டு விழுந்த ஒருவரைக் காட்டிவிட்டால் விழாத ஆயிரம் பேரை மறந்துவிடலாமா?

வறுமையை அயலார் பார்ப்பதில் நமக்கு இழிவில்லை. இருப்பதைக் காட்டுவது பொய்யாகாது. அது யாரால், எந்தக் கணக்கால் வந்தது என்பதை மறைத்துவிட்டுக் காட்டுவதே பிழை.

கணக்கைத் திறந்த படங்கள்

கணக்கைத் திறந்து காட்டிய படங்களும் உண்டு. பிமல் ராயின் "தோ பீகா ஜமீன்" 1953இல் வந்தது. தம் கடன் 65 ரூபாய்தான் என்று நம்பி உழவர் பணத்தோடு நிலக்கிழாரிடம் செல்கிறார். கணக்குப் புத்தகமோ 235 ரூபாய் என்கிறது. அந்த ஓர் எண்ணே அவரைக் கல்கத்தாவில் ரிக்‌ஷா இழுக்க வைக்கிறது. படம் பார்த்த எவரும் "அவர் தலையெழுத்து" என்று சொல்ல முடியாது.

தமிழில் இந்தப் பாதைக்கு வித்திட்டவர்களில் ஒருவர் காஞ்சி மண்ணிலேயே பிறந்தவர். 1909இல் அங்கு நெசவாளர் சமூகத்தில் பிறந்த அறிஞர் அண்ணா, தம் "வேலைக்காரி" நாடகத்தைத் திரைக்குத் தந்தது 1949இல். பணக்காரர் தந்த கடனின் நெருக்கடி தாளாமல் உயிரை மாய்த்துக் கொண்ட தந்தையின் மகன் நீதி தேடுவதுதான் அதன் தொடக்கம். ஏழ்மைக்குப் பொறுப்பான மனிதரை அப்படம் பெயர் சொல்லிக் காட்டியது. அண்ணா அதோடு நின்றுவிடவில்லை. 1950களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் பட்டினியில் வாடியபோது, அவரும் அவருடைய தோழர்களும் தெருத்தெருவாகக் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றார்கள். அரசியல் கருத்து வேறுபாடு உடையவர்களும் மதிக்கத்தக்க செயல் இது.

அதற்குப் பின் வந்த பல படங்கள் எளிய வழியைத் தேர்ந்தெடுத்தன. எம்.ஜி.ஆர். 1964இல் "படகோட்டி"யாகவும் 1971இல் "ரிக்‌ஷாக்காரன்" ஆகவும் வந்தார். உழைப்பாளிக்கு அப்படங்கள் மதிப்பைத் தந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் தீயவன் ஒருவன் அடிபட்டதும் துன்பம் தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தையும் வளர்த்துவிட்டன. துரையின் "பசி" (1979) சென்னையில் குப்பை பொறுக்குவோரின் வாழ்வையும், கே. பாலசந்தரின் "தண்ணீர் தண்ணீர்" (1981) குடிநீருக்கு மனுக் கொடுத்தே ஓய்ந்த அத்திப்பட்டி மக்களையும் காட்டி, அந்த எளிய வழியிலிருந்து விலகி நின்றன.

அண்மைக்கால எடுத்துக்காட்டு, மணிகண்டனின் "காக்கா முட்டை" (2015). சென்னைச் சேரிச் சிறுவர் இருவர் பீட்சா வாங்க ஆசைப்படுகிறார்கள். தண்டவாளத்து ஓரம் நிலக்கரி பொறுக்கி விற்றுக் காசு சேர்க்கிறார்கள். காசு சேர்ந்த பிறகும் கடை வாசலில் அவர்களைத் தடுப்பது அவர்களின் உடையும் இடமும்தான். அவர்கள் விளையாடிய திடலே அந்தக் கடையாகியிருக்கிறது. அங்கே அழுகை குறைவு, கணக்கு தெளிவு. குழந்தைகளோடு அமர்ந்து பார்த்து, பிறகு மனம் விட்டுப் பேசத் தகுந்த படம் அது.

நம் வீட்டில் நாம் செய்யக் கூடியவை

வாசக சகோதர சகோதரிகளே! ஏழையைக் காட்டும் படத்தை இனிப் பார்க்கும்போது பிள்ளைகளிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவர் செய்யும் வேலைக்கு என்ன கூலி? அந்தக் கூலியை முடிவு செய்பவர் யார்? படத்தின் முடிவில் இவர் ஒருவர் மட்டும் தப்பினாரா, இவரைப் போன்ற எல்லோருக்கும் வழி பிறந்ததா? இவற்றுக்குப் படத்தில் விடை இருந்தால் அது நல்ல படம். விடை இல்லையென்றால் அந்த விடையைத் தேடுவதே உங்கள் வீட்டின் அன்றைய பாடமாக இருக்கட்டும்.

அடுத்தது, நம் கையில் உள்ள பணம். நம் வீட்டு நிக்காஹ்களுக்கும் காஞ்சிப் பட்டு வாங்குகிறோம். மணப்பெண்ணுக்கு ஒன்று, சம்பந்தி வீட்டாருக்கு ஒன்று என்று எண்ணிக்கை நீள்கிறது. கடையில் நிறத்தையும் கரையையும் பார்க்கும் நாம், இதை நெய்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டதுண்டா? காஞ்சிப் பட்டுக்கு 2005ஆம் ஆண்டு முதல் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு உண்டு. கரையிட்ட புடவைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. இருந்தும் விசைத்தறியில் ஓட்டிய துணி கைத்தறி என்ற பெயரில் விற்பனையாகிறது. அதனால் உண்மையான நெசவாளரின் கூலி நசுங்குகிறது. தறியை விட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குச் சென்ற நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர்.

ஆகவே கைத்தறி முத்திரையையும் பட்டு முத்திரையையும் கேட்டு வாங்குங்கள். முதல் முத்திரை கையால் நெய்ததற்கும், இரண்டாவது தூய பட்டுக்கும் சான்று. ஒன்று இருப்பதால் மற்றது இருப்பதாகக் கொள்ள வேண்டாம். இயன்றால் காஞ்சிபுரத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையத்திலேயே வாங்குங்கள். பகட்டுக்காக ஐந்து வாங்குவதைவிட, நெய்தவருக்குக் கூலி சேரும் ஒன்றை வாங்குவது நம் வீட்டுச் செலவுக்கும் நல்லது, அவர் வீட்டு அடுப்புக்கும் நல்லது.

சொல்லில் சுருக்கினால் இவ்வளவுதான்: இரக்கம் நல்ல பண்பு, ஆனால் நியாயமான கூலி தர வேண்டிய இடத்தில் இரக்கத்தை மட்டும் தருவது கடனைத் தீர்த்ததாகாது. உழைத்தவரின் வியர்வை உலர்வதற்குள் அவருக்குரியதைக் கொடுத்துவிட வேண்டும் என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். அந்தக் கடமை முதலாளியோடு முடிந்துவிடுவதில்லை. பட்டை விரித்துப் பார்த்து விலை பேசும் நம் கைக்கும் அதில் பங்குண்டு.